கடையில் கிடைக்காத உதிரிபாகம்

பழைய பந்தயக் கார்களை மீண்டும் ஓட வைக்கும் உலோகக் கைவேலை கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. அந்த வேலை அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேருமா?

செமினி தொழிற்பேட்டையில் காலை பத்து மணிக்கே தகரக் கூரை அனல் கக்குகிறது. பட்டறையின் நடுவில் இரும்பு மேசை. அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. பட்டறைக்காரர் துணி துவைக்கும் சோப்புக் கட்டியை எடுத்துத் தகட்டின்மேல் கோடு கோடாகத் தேய்க்கிறார். பிறகு கேஸ் விளக்கைப் பற்றவைத்து, சுடரைத் தகட்டுக்கு அடியில் ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே போகிறார். சோப்புக் கோடு மஞ்சளாகிறது, பழுப்பாகிறது, கருக்கிறது. கருத்த நொடியில் சுடரை விலக்கிவிடுகிறார்.

இரும்பைச் சூடேற்றினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படிச் செய்யாது. 660 டிகிரியில் உருகி ஓட்டையாகும் வரை அதே வெள்ளி நிறத்தோடு இருக்கும். சோப்பு கருப்பது ஏறத்தாழ 350 முதல் 400 டிகிரிக்குள். தகடு மெத்தென்று ஆகி, அடித்த பக்கம் வளைந்து கொடுக்கும் பதம் அதுதான். பதம் வந்ததும் மணல் நிரப்பிய தோல் பையின்மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டுகிறார். தட்டத் தட்டத் தகடு மறுபடி இறுகும். இறுகினால் மறுபடி சோப்பு, மறுபடி சுடர். கரடுமுரடாகக் குழிந்த தகட்டை இங்கிலீஷ் வீல் எனப்படும் இரட்டை உருளைக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, மேடு பள்ளம் மறைந்து ஒரே சீரான வளைவு வருகிறது.

உருவாகிக்கொண்டிருப்பது 1960-களின் பந்தயக் கார் ஒன்றின் மூக்குப் பகுதி. அதற்கு எந்தக் கடையிலும் பார்ட் நம்பர் கிடையாது. அந்தக் காலத்தில் அத்தகைய கார்களைச் செய்த நிறுவனங்களில் பலவும் இன்று இல்லை. இருப்பவற்றிடமும் பழைய அச்சுகள் பெரும்பாலும் இல்லை. உடைந்த பாகத்தை மறுபடி ஒருவர் கையால் செய்தால்தான் கார் ஓடும்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். காரின் உரிமையாளர் பணக்காரராக இருக்கலாம். ஆனால் அந்தக் காரை ஓட வைப்பது ஒரு தொழிலாளியின் கை. அந்தக் கைக்கு மரியாதையான கூலி உண்டு, உலகம் முழுக்கத் தேவை உண்டு. அதை வளர்த்தெடுக்க வேண்டிய எல்லாமே கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு மட்டும்தான் போதவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் ஓடிய கார்கள்

கார் பந்தயம் இந்தப் பகுதிக்கு சிப்பாங் ஓடுதளத்தோடு வந்ததல்ல. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பொதுச்சாலையிலேயே பந்தயம் நடந்தது. 1962 முதல் 1965 வரை அதன் பெயரே மலேசிய கிராண்ட் பிரீ. ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் 1963-லும் 1965-லும் லோட்டஸ் 23 காரில் அங்கே வென்றார். 1970-இல் நியூசிலாந்தின் கிரீம் லாரன்ஸ் பெராரி 246டி காரில் வென்றார்.

இவர்களைவிட நம் கதைக்கு நெருக்கமானவர் 1968-இல் வென்ற கேரி கூப்பர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எல்பின் என்ற பெயரில் சிறு பட்டறை வைத்துப் பந்தயக் கார் கட்டியவர். தாம் வடிவமைத்து, தம் பட்டறையில் குழாய் வெட்டி, பற்றவைத்துச் செய்த எல்பின் 600 வகையின் முதல் காரை இங்கே கொண்டு வந்து, தாமே ஓட்டி, சிங்கப்பூர் கிராண்ட் பிரீயை வென்றார். பட்டறைக்காரரும் வெற்றிக் கோப்பைக்காரரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

சிலாங்கூரில் பத்து தீகா ஓடுதளம் 1968-இல் வந்தது. 1985 டிசம்பரில் உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியின் 800 கிலோமீட்டர் பந்தயம் அங்கே நடந்தது. ஜாக்கி இக்ஸ், யோகன் மாஸ் இருவரும் போர்ஷே 962 காரில் வென்றார்கள். 1999-இல் சிப்பாங் வந்தது. பத்து தீகா இடிக்கப்பட்டு, அந்த இடம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

தடங்கள் போனாலும் அந்தக் காலத்துக் கார்கள் ஓய்வு பெறவில்லை. மொனாக்கோவில் 1997-லும் இங்கிலாந்தின் குட்வுட்டில் 1998-லும் பழைய பந்தயக் கார்களுக்கென்றே தனிப் போட்டி விழாக்கள் தொடங்கின. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்க வேண்டிய வயதில் அவை முழு வேகத்தில் மறுபடி ஓடுகின்றன. ஓடினால் தேயும், இடித்தால் நசுங்கும். நசுங்கியதைச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

---

பெட்டிச் செய்தி: எண்களில்

• 4.8 கி.மீ. – தாம்சன் சாலைப் பந்தயத் தடத்தின் ஏறத்தாழ நீளம்
• 5.543 கி.மீ. – சிப்பாங் ஓடுதளத்தின் நீளம்
• 1999–2017 – சிப்பாங்கில் பார்முலா 1 நடந்த ஆண்டுகள்
• 1996 – இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை மலேசியாவின் புரோட்டோன் வாங்கிய ஆண்டு
• 2002 – நம் கரம்ஜித் சிங் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தைப் புரோட்டோன் காரில் வென்ற ஆண்டு

---

செந்தூலில் தொடங்கிய கைவேலை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் கைக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு, ரயிலோடு தொடங்கியது. கூட்டு மலாய் மாநில ரயில்வே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் தன் மையப் பட்டறையைக் கட்டியது. இயந்திரப் பழுதுபார்ப்பு, பெட்டி கட்டுதல், வார்ப்பு, கொல்லுவேலை, கொதிகலன் வேலை எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். அவர்களில் தமிழர் பெருந்தொகை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எழுந்த ரயில்வே குடியிருப்புகளும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், நேசநாடுகளின் பி-29 விமானங்கள் இந்தப் பட்டறையைத் தேடி வந்து குண்டு போட்டன. ஜப்பானியர் கையில் இருந்த மலாயாவின் போக்குவரத்துக்கு அது அவ்வளவு முக்கியம்.

நீராவி இயந்திரத்துக்கும் பாகம் கடையில் கிடைக்காது. தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த கொதிகலன் தகட்டை வெட்டி, புதுத் தகட்டை வளைத்து, ரிவெட் அடிக்க வேண்டும். அளவு சொல்லும் வரைபடம் இல்லாவிட்டால் தேய்ந்த பாகத்தைப் பார்த்தே தேயாத அளவைக் கணக்கிட வேண்டும். பழைய பந்தயக் காருக்குப் பாகம் செய்பவர் செய்வதும் இதையேதான். கனமும் அளவும் மாறியிருக்கின்றன, அவ்வளவே.

நீராவி போய் டீசல் வந்தது. பின்னாளில் பெரும் பராமரிப்பு வேலைகள் பேராக்கின் பத்து காஜாவுக்குப் போய்விட்டன. செந்தூல் பட்டறை அமைதியானது. ஆனால் அங்கே ஊறிய தொழில் பல குடும்பங்களில் இறங்கி வந்திருக்கிறது. தாத்தா கொதிகலன்காரர், அப்பா பிட்டர், மகன் வெல்டர் அல்லது போமன் என்று வம்சாவளி சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த வரிசையில் நான்காவது ஆள் யார் என்ற இடத்தில்தான் பலருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது.

சோழவரம் காட்டிய வழி

கார் வாங்க வழியில்லாதபோது கட்டக் கற்றுக்கொண்ட ஊர் ஒன்று தமிழகத்தில் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. அப்போது இந்தியாவில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஒருசில வசதி படைத்தவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் பியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று கிடைத்ததைப் பிரித்து, எடையைக் குறைத்து, குழாய்ச் சட்டம் கட்டி, தாங்களே பந்தயக் கார் செய்தார்கள்.

அந்தப் பள்ளியில் தேறியவர் கோவை எஸ். கரிவர்தன். 1980-களின் இறுதியில் பார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை அவர் கொண்டு வந்தார். எஃகுக் குழாய்ச் சட்டத்தில் மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜின். இன்ஜினும் உதிரிபாகமும் எந்த ஊரிலும் கிடைப்பவை. உடைந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே பற்றவைக்கலாம். இந்தியாவில் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அந்தக் காரில் பழகினார்கள். 1995-இல் சிறுவிமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் பார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் அதே கோவைக்காரர்.

கோவையால் இது முடிந்ததற்குக் காரணம் உண்டு. பஞ்சாலை இயந்திரங்களுக்கும் தண்ணீர்ப் பம்புகளுக்கும் பாகம் செய்து பழகிய வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் ஏற்கெனவே அங்கே இருந்தன. பந்தயக் கார் அந்தக் கைகளுக்குக் கிடைத்த இன்னொரு வேலை. கோவைக்குப் பஞ்சாலை என்றால் நமக்கு ரயிலும் ஈயச் சுரங்கமும்.

தவறாகச் செய்தால் என்ன ஆகும்?

இந்த வேலையில் அழகு இரண்டாம் இடம்தான். முதலிடம் உயிருக்கு.

லோட்டஸ் 23 காரையே எடுத்துக்கொள்வோம். அதன் சேசிஸ் மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆனது. எடையை மிச்சப்படுத்த, அந்தச் சட்டக் குழாய்கள் சிலவற்றின் வழியாகவே இன்ஜினுக்கான தண்ணீரை ஓட விட்டார்கள். கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு. ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்து அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஓடிய குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். விரலால் தட்டினால்கூடத் தெரியாது. ஆரம்பத்திலேயே ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான் சுவர்க் கனம் என்றால், அதில் பாதி கரைந்துபோன குழாய் வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அல்ட்ராசோனிக் கருவியை வைத்துக் குழாய்ச் சுவரின் கனத்தை அங்குலம் அங்குலமாக அளக்காமல், அப்படிப்பட்ட காரைத் தடத்துக்கு அனுப்பவே கூடாது.

அடுத்தது பற்றவைப்பு. அக்காலத்துக் குழாய்ச் சட்டங்களில் பலவும் வெண்கலக் கம்பி உருக்கி ஒட்டப்பட்டவை. எஃகு உருக 1,500 டிகிரி வரை வேண்டும். வெண்கலத்துக்கு 900 டிகிரி அளவு போதும். மெல்லிய குழாய் அந்தச் சூட்டில் தன் வலுவை அதிகம் இழக்காது. இன்று எல்லாரிடமும் டிக் வெல்டிங் இருக்கிறது, அது சுத்தமான வேலையும்கூட. ஆனால் பழைய வெண்கலத்தை முழுக்க அரைத்து எடுக்காமல் அதன்மேலேயே டிக் அடித்தால், உருகிய செம்பு எஃகின் மணிகளுக்கு நடுவே ஊடுருவி, உள்ளுக்குள் விரிசல் விடும். பார்வைக்கு மூட்டு அருமையாக இருக்கும். உடையும் நாளில்தான் விஷயம் தெரியும். நல்ல வெல்டர் என்பவர் எதைப் பற்றவைக்கக் கூடாது என்றும் தெரிந்தவர்.

மூன்றாவது மக்னீசியம். பழைய பந்தயக் கார்களின் சக்கரங்களும் கியர்பாக்ஸ் கூடுகளும் பெரும்பாலும் இந்த உலோகத்தில் வார்த்தவை. அலுமினியத்தின் மூன்றில் இரண்டு பங்கு எடைதான். ஆனால் ஈரத்தைத் தாங்காது. நம் ஊரில் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம். பூச்சு உரிந்த மக்னீசியத்தின்மேல் வெண்பொடி பூத்து, உலோகம் அரித்துக்கொண்டே போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கடையும்போது விழும் மக்னீசியத் துருவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தீ இன்னும் கொழுந்துவிடும். உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்றே உள்ள அணைப்புப் பொடியோ பக்கத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்லித் தராமல் ஒரு பையனை லேத்துக்கு முன்னால் நிறுத்துவது குற்றம்.

---

பெட்டிச் செய்தி: விரிசலைப் பிடிக்கும் சிவப்பு மை

சஸ்பென்ஷன் கை, ஸ்டீயரிங் பாகம், சக்கரம் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு.

1. எண்ணெய்ப் பிசுக்கும் பெயிண்டும் போகச் சுத்தம் செய்ய வேண்டும்.
2. ஊடுருவும் சிவப்பு மையைத் தெளித்துச் சிறிது நேரம் ஊற விட வேண்டும்.
3. மேற்பரப்பில் உள்ள மையைத் துடைத்துவிட வேண்டும். விரிசலுக்குள் போனது மட்டும் அங்கேயே தங்கும்.
4. வெள்ளைப் பொடியைத் தெளித்தால், ஒளிந்திருந்த மை கசிந்து வெளியே வந்து சிவப்புக் கோடாகத் தெரியும்.

எஃகாக இருந்தால் காந்தத் துகள் சோதனையும் செய்யலாம். மக்னீசியமும் அலுமினியமும் காந்தத்துக்கு மசியாது. அவற்றுக்கு மைதான்.

---

எது அசல், எது நகல்?

பாகம் மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது பழைய காரா, புதுக் காரா? லண்டன் உயர் நீதிமன்றம் 1990-இல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். 1932-இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் விபத்தில் சிக்கியது. அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்ட நிறுவனம், லெ மானில் வென்றபோது இருந்த பாகங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை, ஆகவே இது அசல் இல்லை என்று பின்வாங்கியது. நீதிபதி ஆட்டன் காரின் வரலாற்றை முழுக்கக் கேட்டார். பாகங்கள் மாறியிருந்தாலும் இடையறாமல் ஒரே காராகத் தொடர்ந்து வந்திருக்கிறது, ஆகவே இதுதான் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பிலிருந்து நம் பட்டறைக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காரின் மதிப்பு உலோகத்தில் மட்டும் இல்லை, ஆதாரத்தில் இருக்கிறது. எந்தக் குழாய் மாற்றப்பட்டது, எப்போது, எந்த வகை எஃகு, மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற படம், கழற்றிய பழைய துண்டு எல்லாம் பத்திரமாக இருந்தால் காரின் வரலாறு அறுபடாது. இவை இல்லாவிட்டால் எவ்வளவு அருமையான வேலையும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அனைத்துலகப் பழங்காலக் கார்ப் பந்தயங்களில் ஓட வேண்டுமானால் உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எப்.ஐ.ஏ. அமைப்பின் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு வேண்டும். கார் அந்தக் காலத்தில் எந்த வடிவில், எந்த வகை உலோகத்தில் ஓடியதோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அலுமினியம் இருந்த இடத்தில் இலேசாக இருக்கிறதே என்று கார்பன் பைபர் வைத்தால் கார் தடத்துக்கு வெளியே நிற்கும்.

நம் பட்டறைகளில் கைத்திறன் உண்டு. பதிவேடு வைக்கும் பழக்கம் குறைவு. வேலை முடிந்ததும் பழைய துண்டு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கைத்தொலைபேசியில் எடுத்த நாலு படமும் தொலைபேசி மாறும்போது போய்விடும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே நம்மவர் வேலைக்கு வெளிநாட்டில் கிடைக்கும் மதிப்பு வேறு.

ஈய பூமியில் ஒரு மறந்த வேலை

கோலாலம்பூர் ஈயத்தால் எழுந்த நகரம். காஜாங், செமினி, சுங்கை பீசி வட்டாரமெங்கும் சுரங்கக் குட்டைகள் இன்றும் அதற்குச் சாட்சி. அந்த ஈயம் உலகத்தின் பழைய இன்ஜின்களுக்குள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கார் இன்ஜின்கள் பலவற்றில் இன்று இருப்பதுபோல் கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது. பாபிட் எனப்படும் வெள்ளை உலோகத்தை உருக்கி, இன்ஜினிலேயோ கனெக்டிங் ராடிலேயோ நேரடியாக ஊற்றுவார்கள். ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839-இல் கண்டுபிடித்த கலவை அது. நல்ல பாபிட்டில் பெரும்பங்கு நம் வெள்ளீயம். கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு.

ஊற்றுவது எளிதாகத் தெரியும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் இரும்புக் கூட்டில் ஈயம் பூச வேண்டும். அது ஒட்டாவிட்டால் பிறகு ஊற்றுவது எதுவும் ஒட்டாது. கூட்டைச் சூடாக்கி வைத்து, உலோகத்தை நுரை சேராமல் ஒரே ஊற்றாக ஊற்றி, ஆறிய பிறகு கடைந்து அளவு சேர்க்க வேண்டும். கடைசியில் தண்டில் நீல மையைத் தடவிச் சுழற்றினால், எங்கே மேடு இருக்கிறதோ அங்கே மை ஒட்டும். அந்த மேட்டைக் கைச் சுரண்டியால் மயிரிழை அளவு சுரண்டி எடுக்க வேண்டும். மை எல்லா இடத்திலும் சீராக ஒட்டும்வரை இது நடக்கும். ரயில் பட்டறைகளில் அன்றாடம் நடந்த வேலை இது. ஈயம் விளைந்த மண்ணில் இந்த வேலை செய்ய ஆள் இல்லாமல் போவது வருந்தத்தக்கது.

கணினி வந்தால் கை வேண்டாமா?

புதிய கருவிகள் இந்தத் தொழிலை அழித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. அவை தொழிலை விரிவாக்கியிருக்கின்றன. 1914-ஆம் ஆண்டின் டெலாஜ் பந்தயக் கார் ஒன்றின் இன்ஜின் பிளாக்கை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு மறுபடி வார்த்தெடுத்தார்கள். பழைய பிளாக்கை ஸ்கேன் செய்து, கணினியில் திருத்தி, வார்ப்பு அச்சை மணலிலேயே முப்பரிமாணத்தில் அச்சிட்டு, அதில் இரும்பை ஊற்றினார்கள். மர மாதிரி செய்ய மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

ஆனால் ஸ்கேனர் தேய்ந்த பாகத்தைத் தேய்ந்தபடியேதான் பார்க்கும். எது தேய்மானம், எது உண்மையான வடிவம் என்று பிரித்துச் சொல்ல அனுபவசாலி வேண்டும். வார்ப்பு குளிரும்போது சுருங்கும் அளவைக் கணித்துக் கூட்ட வேண்டும். எவ்வளவு கடையலாம், எங்கே விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். கணினி தெரிந்த இளைஞரும் கை தெரிந்த பெரியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்த வேலை நடக்கும். செமினியைச் சுற்றிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, தொழிற்பேட்டையும் இருக்கிறது, சிப்பாங் தடமும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. லோட்டஸ் நிறுவனம் 20 ஆண்டுக்கு மேல் மலேசிய உடைமையாகவே இருந்தது. 2017-இல் சீனாவின் ஜீலி 51 விழுக்காட்டை வாங்கிய பிறகும் எஞ்சிய 49 விழுக்காடு மலேசியர் கையில் தங்கியது. அவ்வளவு காலம் அந்தப் பெயர் நம்மிடம் இருந்தும், அதன் பழைய கார்களுக்குப் பாகம் செய்யும் மையம் ஒன்று இங்கே வளரவில்லை. வளர்ந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் இல்லாத கைகள்

ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிள்ளை வெல்டிங் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வெளியேறிப் படித்து முன்னேறிய சமூகத்துக்குக் கரி படிந்த கை பழைய வறுமையை நினைவூட்டுகிறது. அந்த வலி நியாயமானது. ஆனால் அதன் விளைவு என்ன? எஸ்.பி.எம். தேர்வில் மதிப்பெண் குறைந்த பையன், தான் எதற்கும் ஆகாதவன் என்று நினைத்துக்கொண்டு, தொழில் பழகாமல் எடுபிடி வேலைக்குப் போகிறான். அவன் தாத்தாவுக்கு இருந்த கைத்திறன் அவனுக்குள் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதே இல்லை.

மறுபக்கம், முப்பது நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள பட்டறைக்காரர் பலரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அதனால் பெரிய நிறுவன வேலை கிடைக்காது, கடன் கிடைப்பது கடினம், பயிற்சியாளராகப் பதிவு செய்ய முடியாது. அவர் அறிவு அவரோடு போய்விடும்.

இரண்டுக்கும் வழி இந்த நாட்டிலேயே இருக்கிறது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்பில் உட்காராமலே, செய்த வேலையின் ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டிப் பெற முடியும். முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் அந்த முறைக்கு மலாயில் பி.பி.தி. என்று பெயர். திறன் மேம்பாட்டுத் துறை அதை நடத்துகிறது. இளைஞர்களுக்கு எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. பயிற்சி நேரத்தில் 70 முதல் 80 விழுக்காடு பட்டறையில், மீதி வகுப்பில். குருவிடம் கற்பதுபோலவே, ஆனால் முடிவில் அரசாங்கம் மதிக்கும் தாள் கையில் வரும். முதல் மூன்று நிலை எஸ்.கே.எம்., நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. படிக்கட்டு தயாராக இருக்கிறது. ஏறச் சொல்லி நம் பிள்ளைகளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். பழைய காரில் ஆபத்து ஒளிந்திருக்கும். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதித் துடைத்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகும். பழைய விமானத் தரப் போல்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம். சூடாக்கினால் நச்சுப் புகை. துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் அன்றிரவு காய்ச்சல் வரலாம். 2024 ஜூன் 1 முதல் தொழிற் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. இரண்டு பேர் வேலை செய்யும் சிறு பட்டறையும் அதற்குள் வரும். முகக்கவசமும் புகை உறிஞ்சியும் முதலாளி தர வேண்டியவை. அடம்பிடித்தாவது அவற்றைக் கேட்டு வாங்கித் தொழிலாளி பயன்படுத்தியே ஆக வேண்டும். செருப்புக் காலோடும் கறுப்புக் கண்ணாடியோடும் வெல்டிங் செய்த காலம் போதும்.

இனி என்ன செய்யலாம்?

பட்டறைக்காரர்களுக்கு: உங்கள் பி.பி.தி. விண்ணப்பத்தை இந்த ஆண்டே போடுங்கள். செய்யும் ஒவ்வொரு பாகத்துக்கும் படமும் அளவும் உலோக வகையும் எழுதி வையுங்கள். அந்தப் பதிவேடு சான்றிதழுக்கு ஆதாரமாகும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நம்பிக்கையாகும், பின்னால் வருபவருக்குப் பாடநூலாகும்.

சமூக அமைப்புகளுக்கு: கல்வி உதவிநிதி என்றால் பல்கலைக்கழகம் மட்டும் என்ற பழக்கத்தை மாற்றுங்கள். ஒரு டிக் வெல்டிங் இயந்திரமும் ஓராண்டுப் பயிற்சிப் படியும் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும். தமிழ்ப் பள்ளிகளின் அறிவியல் விழாவுக்கு ஒரு தகட்டு வேலைக்காரரை அழைத்து, பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுத்துப் பாருங்கள்.

கார் உரிமையாளர்களுக்கு: காரைப் பெட்டியில் அடைத்து இங்கிலாந்துக்கு அனுப்புவதற்கு முன், உள்ளூர்ப் பட்டறைக்கு ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள். ஒரு பிராக்கெட், ஒரு எண்ணெய்த் தொட்டி. வேலை வராத இடத்தில் தேர்ச்சி வராது.

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். நல்ல பட்டறை ஒன்றைத் தேடி அழைத்துப் போங்கள். என்ன கற்றுத் தருவார்கள், பாதுகாப்பு எப்படி, சான்றிதழ் உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

பந்தயத்தில் கோப்பை வாங்குபவரின் பெயரை எல்லாரும் எழுதி வைக்கிறார்கள். காரைச் செய்தவரின் பெயரையும் எழுதி வைத்ததால்தான் கேரி கூப்பரும் கரிவர்தனும் இன்று நமக்குத் தெரிகிறார்கள். செந்தூலில் கொதிகலன் தட்டிய ஆயிரக்கணக்கான தமிழர்களின் பெயர்களை நாம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் செய்யும் வேலையாவது பெயரோடும் சான்றிதழோடும் நியாயமான கூலியோடும் நடக்க வேண்டும்.